கட்டுரை பயிலுமாறு

தோற்றுவாய்

பல்கலைக்கழகப் படிப்பிற் புதிதாகப் புகும் மாணவர்க்கு நேரும் இடர்கள் பல. அவற்றுள் முதன்மையானது கட்டுரை எழுதுதல் என்பது எம் துணிபு. பள்ளியிலே வினாவை ஆசிரியர் வகுத்துக் கொடுப்பர். விடையும் குறிப்பு நூல்களில் நிரல்படக் கிடக்கும். அதனை நினைவிற் பதித்துத் தேர்வுத்தாளில் இறக்கி வைப்பதே மாணவர் கடன். கல்லூரியிலோ, 'இப்பொருள் பற்றி ஆயிரஞ் சொற்களிற் கட்டுரை ஒன்று வரைக' என ஒரு வரி கூறிவிட்டு ஆசிரியர் அப்பாற் செல்கின்றார். வினாவை மாணவர் தாமே காண வேண்டும். விடையையும் தாமே தேட வேண்டும். இரண்டையும் பிறர் மனங்கொள்ளுமாறு தாமே தொடுக்கவும் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்றையேனும் முன்னர்ப் பழகாதவர் திகைத்து நிற்றல் வியப்பன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். முதலாண்டு வகுப்பிற்குப் 'புதுச்சேரி நகர்' என்பதைப் பொருளாக அளித்துக் கட்டுரை எழுதுமாறு பணித்திருந்தோம். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர், தம் குடும்பத்திலே கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவர், நான்கு பக்கம் எழுதி வந்தார். எழில் கொழிக்கும் கடற்கரை, வானளாவிய கோயில்கள், வந்தாரை வாழவைக்கும் மக்கள் எனச் சொற்கள் அணிவகுத்து நின்றன. பொருளோ ஒன்றும் நிற்கவில்லை. யாமும் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையாற் சுழித்துக் குறைந்த மதிப்பெண் இட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அன்று மாலை அவர் எம்மிடம் வந்து, "ஐயா, எனக்குக் கட்டுரை வராது, வேறு பாடத்திற்கு மாறிக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றேன்" என்றார். பேச்சினிடையே, "எங்கள் ஊர்த் தெருக்கள் வளைந்து வளைந்து போகின்றன. இந்நகரத்துத் தெருக்கள் மட்டும் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கின்றனவே, இவற்றை இவ்வாறு வகுத்தவர் யார்?" என்று வினவினார். "இதனை ஏன் கட்டுரையில் எழுதவில்லை?" என்றோம். "இது நானாக நினைத்தது ஐயா; கட்டுரையில் இதையெல்லாம் எழுதலாமா?" என்றார்.

அவ்விடை எம்மைச் சுட்டது. நான்கு பக்கங்களிற் காணாத கட்டுரை அந்த ஒரு வினாவில் இருந்தது. அவர் எழுதத் தெரியாதவரல்லர். தம் எண்ணத்திற்குக் கட்டுரையில் இடமில்லை என்று யாரோ அவருக்குக் கற்பித்துவிட்டனர். கருத்தை நோக்காது பிழையை மட்டுமே சுழித்த யாமும் அன்று அவ்வாறு கற்பித்தவருள் ஒருவரானோம். அன்றுமுதற் புதிய மாணவர்க்கு யாம் கூறிவருவனவற்றை இம்மலர் வாயிலாகத் தொகுத்துரைக்க முற்படுகின்றோம். அவர் கேட்ட வினாவையே எடுத்துக்காட்டாகவுங் கொள்வோம்.

கட்டுரையாவது யாது?

முதற்கண் பெயரைக் கொண்டே பொருளை ஆராய்வோம். கட்டு, உரை என்னும் இரண்டும் இயைந்தது கட்டுரை. இது பழஞ்சொல், சிலப்பதிகாரத்துக் காதையொன்று கட்டுரை காதை என்றே பெயர் பெற்றுள்ளது. உரைநடையில் ஒரு பொருள் குறித்து எழுதப்படுவதனை வியாசம் என வழங்கிய காலமும் ஒன்றுண்டு; பின்னர்க் கட்டுரை என்னும் பெயரே நிலைத்தது. சிதறிக் கிடக்கும் எண்ணங்களைப் பூத்தொடுப்பார் போல ஒருங்கு கட்டுதல் என்பது இப்பெயரினின்றும் நாம் கொள்ளத்தக்க கருத்து.

நம் நகரில் நெடுநாள் வழங்கிய பிரெஞ்சு மொழியிலோ இதற்கு எஸ்ஸே என்று பெயர். அதனைத் தம் நூலுக்குப் பெயராக்கி உலகிற்கு அளித்தவர் மோந்தேன் என்னும் பிரெஞ்சு அறிஞர். அந்நூலின் முதலிரண்டு பகுதிகள் 1580-ஆம் ஆண்டில் வெளிவந்தன. முயன்று பார்த்தல் என்பது அச்சொல்லின் பொருள். அதன் இலத்தீன் வேரோ நிறுத்தலைக் குறிப்பது. அதற்கேற்ப மோந்தேனும் துலாக்கோலைத் தமக்கு இலச்சினையாகக் கொண்டிருந்தார். தம் மனத்தெழுந்த கருத்தை ஒரு தட்டிலும் அதற்கு மாறானதை மறுதட்டிலும் இட்டு நிறுத்துப் பார்த்தலே அவர்தம் எழுத்தின் இயல்பு. ஆங்கிலத்திலே பேக்கன் அப்பெயரை மேற்கொண்டு 1597-இல் தம் நூலை வெளியிட்டார்.

இவ்விரு பெயர்களையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குக் கட்டுரையின் முழு இயல்பும் புலனாகும். முயற்சி முன்னது, கட்டுதல் பின்னது. முயலாமற் கட்டியது வெறுஞ் சொற்குவியல். கட்டாமல் விட்ட முயற்சி பிறர்க்குப் பயன்படாது. நம் மாணவரிற் பெரும்பாலோர் முயலுமுன்னரே கட்டத் தொடங்குகின்றனர். பூப்பறியாமல் மாலை தொடுக்கப் புகுவார் கையிலே நார்தான் எஞ்சும்.

வினாக் காண்டல்

ஆசிரியர் தருவது பொருள்; மாணவர் காண வேண்டுவது வினா. 'புதுச்சேரி நகர்' என்பது பொருளேயன்றி வினாவன்று. அதனைப் பற்றி ஓராயிரம் செய்தி கூறலாம். எதனைக் கூறுவது, எதனை விடுவது என்று துணிதற்கு அளவுகோல் இல்லை. 'இந்நகரத்து நேர்த்தெருக்களை வகுத்தவர் யார்?' என்றவுடன் அளவுகோல் கைக்கு வந்துவிடுகின்றது. அவ்வினாவிற்கு விடை காண உதவுவன உள்ளே வரும். ஏனையவை எத்துணை அழகியவாயினும் வெளியே நிற்கும்.

கண்ட வினா தக்கதுதானா என அறிதற்கு மூன்று சோதனைகளை யாம் கூறுவது வழக்கம். முதலாவது, அதற்கு அறிவுடையார் இருவர் இருவேறு விடை கூறக்கூடுமோ? ஒரே விடை மட்டும் உண்டெனின் அது செய்தி, கட்டுரைக்கு இடந்தாராது. இரண்டாவது, கையெட்டும் நூல்களையும் கண்ணெட்டும் இடங்களையுங் கொண்டு குறித்த நாட்களுக்குள் அதற்கு விடை தேட இயலுமோ? இயலாதெனின் அதனை மேலுங் குறுக்குதல் வேண்டும். மூன்றாவது, அதன் விடையை அறிய நமக்கே விருப்பமுண்டோ? இம்மூன்றாவதனை மாணவர் பொருட்படுத்துவதில்லை. எழுதுவார்க்கே அறிய விருப்பமில்லாத ஒன்றைப் படிப்பார் எற்றுக்கு விரும்புவர்?

சான்று தேடல்

வினா கிடைத்தபின் விடையைத் தலையிற் சிந்தித்துத் தேடுதல் ஒரு பாதி. நூலிலும் நிலத்திலும் தேடுதல் மறுபாதி. நூல் தேடுதற்கு நம் நகர் நற்பேறு பெற்றது. இங்குள்ள பொது நூலகம் 1827-ஆம் ஆண்டு முதல் விளங்கி வருவது. ரோமன் ரோலான் நூலகம் என்பது அதன் இக்காலப் பெயர். 1955-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரையை அடுத்தே உள்ளது. 1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டிலே தனக்கெனப் பெரிய நூலகம் உடையது. அங்கெல்லாம் சென்று நூற்பட்டியலைப் பார்த்தலும், நூலகரை வணங்கி வினவுதலும் மாணவர் முதல் வாரத்திலேயே பழக வேண்டுவன.

நூல் படிக்கும்போது குறிப்பெடுக்கும் முறை ஒன்றுண்டு. ஒரு தாளுக்கு ஒரு செய்தி மட்டும் எழுதுக. அதன்கீழ் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பக்க எண் மூன்றையும் அப்பொழுதே குறித்துவிடுக. பிறகு குறிக்கலாம் என்று விட்டவர் பின்னர் நாள் முழுதும் தேடி அலைவர். நூலிற் கண்ட சொற்களை அப்படியே எழுதினால் மேற்கோட் குறி இடுக. நம் கருத்தாக மனத்தில் எழுந்ததை வேறு மையால் எழுதுக. பிறர் கருத்தும் நம் கருத்தும் ஒரே மையில் ஒரே தாளிற் கலந்துவிடின் பின்னர்ப் பிரித்தறிதல் அரிது.

நம் எடுத்துக்காட்டினை எடுத்துக்கொள்வோம். அம்மாணவி மீண்டும் நூலகஞ் சென்றபோது அவருக்குக் கிடைத்த செய்திகள் இவை. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் 1670-களிலே குடியேறினர். 1693-இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். 1697-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1699-இல் திருப்பிக் கொடுத்தனர். 1761-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி நகரைத் தரைமட்டமாக்கினர். 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து நகர் புதிதாக எழும்பிற்று. தெருக்களை வகுத்தவர் பிரெஞ்சுக்காரர் என்பதே ஊரார் பலரும் கூறுவது. ஆயின் ழான் டெலோஷ் என்னும் வரலாற்றறிஞர், ஒல்லாந்தர் 1694-ஆம் ஆண்டிலே வரைந்த நகர்ப்படங்களை ஆராய்ந்து, குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் தெருக்களை அமைக்கும் வரைவு ஒல்லாந்தர் காலத்ததே என எடுத்துக் காட்டியுள்ளார்.

இச்செய்தியைக் கண்டதும் மாணவி மகிழ்ந்து ஓடிவந்து, "விடை கிடைத்துவிட்டது ஐயா, ஒல்லாந்தர்!" என்றார். கட்டுரை முடிந்தது என்றே அவர் எண்ணினார். உண்மையிலே அப்பொழுதுதான் அது தொடங்கிற்று.

மறுப்பை மதித்தல்

விடை கண்டவர் அடுத்துச் செய்ய வேண்டுவது அதனைத் தாமே எதிர்த்து வாதிடுதல். பிரெஞ்சுக் கல்விமுறையில் இதற்குச் சிறந்த பயிற்சி உண்டு. 1826-இல் இந்நகரில் தோன்றிய கல்லூரியின் வழிவந்த பிரெஞ்சு லீசே இன்றும் நடைபெறுகின்றது. பக்கலோரேயா என்னும் அவர்களது இறுதித் தேர்விலே மெய்யியற் பாடத்திற்கு 4 மணி நேரம் உண்டு. அங்கே எழுதப்படும் கட்டுரைக்குத் திசெர்த்தாசியோன் என்று பெயர். முதற்கண் வினாவை நிறுவி, ஒரு பக்கத்து வாதத்தைக் கூறி, அதற்கு எதிர்வாதத்தையும் அதே வலிமையோடு கூறி, இரண்டையும் கடந்த முடிபொன்றைக் காணுதல் அதன் மரபான அமைப்பு. கையிலுள்ள நேரத்தில் ஒரு பகுதியை வரைவுத் தாளிலே வினாவையும் திட்டத்தையும் ஆராய்தற்கே செலவிடுமாறு ஆசிரியர் அறிவுறுத்துவர். நம் மாணவரோ வினாத்தாள் கைக்கு வந்த மறுகணமே எழுதத் தொடங்குகின்றனர். அடுத்த மேசையில் இருப்பவர் எழுதுகின்றாரே என்னும் அச்சமே காரணம்.

இம்முறை நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலாசிரியர் கொள்ளத்தக்க மதங்கள் ஏழனை வகுத்துள்ளார். பிறர் கருத்தை உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் அடங்கும். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல் ஒன்று. இருவர் மாறுபடக் கூறியவிடத்து ஒரு பக்கத்தைத் துணிதல் மற்றொன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த இந்நூலை இலக்கணத் தேர்வுக்கென்று மனப்பாடஞ் செய்யும் நம் மாணவர், கட்டுரை எழுதும்போது அதனை மறந்துவிடுகின்றனர். தெற்கே ஒரு தெருவில் தமிழ் மரபும், கிழக்கே ஒரு தெருவில் பிரெஞ்சு மரபும் ஒரே உண்மையைக் கூறும் ஊரிலிருந்து இரண்டையும் பயன்கொள்ளாமை வருந்தத்தக்கது.

ஆதலின் யாம் அம்மாணவியை நோக்கி, "ஒல்லாந்தர் என்பதனை மறுப்பவர் யாது கூறுவர்?" என்றோம். சிறிது நேரம் எண்ணியபின் அவர் இரண்டு தடைகளை எழுப்பினார். ஒல்லாந்தர் ஆண்டது ஆறாண்டிற்குங் குறைவு. படம் வரைந்தமையால் தெரு அமைந்துவிடுமோ என்பது ஒன்று. 1761-இல் நகரே இடிக்கப்பட்டதாயின் இன்று நாம் காணும் வீடுகள் யாவும் அதற்குப் பிற்பட்டனவேயன்றோ என்பது மற்றொன்று. இரண்டும் வலிய தடைகள். அவற்றோடு போராடியதன் பயனாக அவருக்கு ஒரு வேறுபாடு புலனாயிற்று. தெருவின் வரைவு வேறு. தெருவின் மேல் எழுந்த கட்டடம் வேறு. வரைவு ஒல்லாந்தரது; அதனைக் கைவிடாது மேற்கொண்டு நகரை விரித்ததும், இடிந்தபின் பழைய கோட்டின்மேலேயே மீண்டும் எழுப்பியதும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலே நிகழ்ந்தன; எழுப்பிய கைகளோ பெரும்பாலும் தமிழர் கைகள். 'யார்?' என்னும் வினாவிற்கு ஒரு பெயரை விடையாகத் தேடியவர், வினாவினுள்ளேயே இரண்டு வினாக்கள் இருத்தலைக் கண்டார். இவ்வாறு வேறுபாடு காணுதலே சிந்தனை. இதனைக் காட்டும் எழுத்தே கட்டுரை எனப்படும்.

கட்டும் முறை

இனிக் கட்டுதல். எழுதத் தொடங்குமுன் கட்டுரையின் முழுக் கருத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எழுத இயலாதெனின் சிந்தனை இன்னும் முதிரவில்லை என்க. இயன்றால் அவ்வாக்கியத்தை மேசையின் முன்னே ஒட்டி வைத்துக்கொண்டு எழுதலாம்.

தொடக்கத்தில் நேரும் பிழை யாவரும் அறிந்ததே. அம்மாணவியின் முதற்கட்டுரை ஏறத்தாழ இவ்வாறு தொடங்கிற்று: 'உலகிலே நகரங்கள் பல உள. அவற்றுள் இந்திய நகரங்கள் சிறந்தவை. அவற்றுள்ளும் புதுச்சேரி தனிச்சிறப்பு வாய்ந்தது.' உலகிலிருந்து புறப்பட்டவர் புதுச்சேரி வந்து சேர்வதற்குள் படிப்பவர் களைத்துப் போகின்றார். அவர்தம் இரண்டாவது கட்டுரை இவ்வாறு தொடங்கிற்று: 'எங்கள் ஊர்த் தெருக்கள் வளைந்தவை, புதுச்சேரித் தெருக்கள் நேரானவை. அவற்றைப் பிரெஞ்சுக்காரர் வகுத்தனர் என்பது பலர் நம்பிக்கை. 1694-ஆம் ஆண்டுப் படங்களோ வேறொன்று கூறுகின்றன.' மூன்று வாக்கியங்களிலே பொருளும், பொது நம்பிக்கையும், அதனை அசைக்கும் சான்றும் வந்துவிட்டன. படிப்பவர் அடுத்த வரியை நோக்கி விரைகின்றார்.

நடுப்பகுதியிலே பத்திக்கு ஒரு கருத்து என்பதே விதி. பத்தியின் முதல் வாக்கியம் கூற்றாகுக. அடுத்து வருவன அதற்குச் சான்றாகுக. இறுதி வாக்கியம் அச்சான்றினால் விளைந்தது யாதென உரைப்பதாகுக. சான்றினைக் கூறிவிட்டு விளக்காமற் செல்லுதல், சாட்சியை மன்றிலே நிறுத்திவிட்டு ஒன்றும் வினவாமல் அனுப்புதலை ஒக்கும். பத்திகளுக்கிடையே 'ஆதலின்', 'எனினும்', 'அன்றியும்' முதலிய இணைப்புச் சொற்களை இடும்போது அவ்வுறவு உண்மையில் உண்டோ என்று வினவுக. முன் பத்தியினின்றும் பெறப்படாததொன்றனை 'ஆதலின்' என்று தொடங்கினால் சொல் மட்டும் கட்டியிருக்கும்; கருத்து அவிழ்ந்தே கிடக்கும்.

முடிவுரையில் முன்னர்க் கூறியவற்றைத் திரும்பக் கூறுதல் வேண்டா. வினாவிற்குக் கண்ட விடையைத் தெளிவாகச் சொல்லி, அவ்விடையால் நாம் முன்பு அறியாத எதனை இப்போது அறிகின்றோம் என்று காட்டி நிறுத்துக.

நடை

நடை பற்றிச் சில சொல்வாம். கட்டுரை என்றவுடன் மாணவர் தம் நாவிற் பழகாத சொற்களைத் தேடிப் புனைகின்றனர். சொல்லின் பொருள் தமக்கே ஐயமாக இருக்கும்போது அதனைப் பிறர்க்கு எழுதுதல் தகாது. இந்நகரிலே வாழ்ந்த இருவரை இங்கு நினைவூட்டுதல் நலம்.

ஒருவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்த காலத்தில் அவருக்குத் துபாஷியாக விளங்கிய இவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். இலக்கிய நடையன்று அது; அக்காலத்துப் பேச்சு மொழியும் பிறமொழிச் சொற்களும் விரவியது. எனினும் இன்ன நாளில் இன்னார் வந்தார், இன்னது கூறினார், இன்னது நிகழ்ந்தது எனத் தாம் கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்தமையால், வரலாறு எழுதுவார் அனைவரும் அதனை நாடிச் செல்கின்றனர். அழகிய அடைமொழிகளை அடுக்கியவரை நாடிச் செல்வார் இலர். மற்றவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த அவர், 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முகவுரையிலே, பொதுமக்கள் எளிதில் விளங்கிக்கொள்ளுமாறு எழுதுதலே மொழிக்கு உயிரூட்டும் என்னுங் கருத்தை வற்புறுத்தினார். குறிப்பான செய்தியை முன்னவரிடமும் தெளிவான சொல்லைப் பின்னவரிடமும் மாணவர் கற்றுக்கொள்ளலாம்.

மிஷன் கல்லூரி மரபிலும் இதற்கு வழிகாட்டி உண்டு. 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள், ஆங்கிலத்திலே அடிசன் எழுதிய கட்டுரைகளைத் தழுவித் தமிழிலே சிந்தனைக் கட்டுரைகள் என்னும் நூலை இயற்றினார். அவர் மாணவர்க்கு விட்டுச் சென்ற குறிப்பை அந்நூற் பெயரிலேயே காணலாம்: முன்னே சிந்தனை, பின்னே கட்டுரை.

கடன் வாங்குதலும் களவும்

பிறர் நூலிலிருந்து கருத்தைக் கொள்ளுதல் இழிவன்று. கொண்டதைக் கூறாமையே இழிவு. டெலோஷ் ஆராய்ந்து கண்டதை மாணவி தம் கண்டுபிடிப்பாக எழுதியிருப்பின் அது களவாகும். அவர் பெயரைக் கூறி, அதன்மேல் தம் இரு தடைகளை எழுப்பியமையால் அது கல்வியாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேடுகளிலே பிறர் எழுத்தோடு காணப்படும் ஒப்புமை நூற்றுக்கு 10 வரையாயின் தண்டம் இல்லை. 60-க்கு மேற்படின் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். தண்டத்திற்கு அஞ்சி நேர்மை பழகுதல் கடைப்பட்டது. எனினும் இவ்விதியை முதலாண்டிலேயே அறிந்திருத்தல் நன்று.

இக்காலத்திலே வேறொரு துணையும் வந்துள்ளது. பொருளைச் சொன்ன சில நொடிகளிலே கட்டுரை முழுவதையும் கணிப்பொறி தொகுத்துத் தருகின்றது. பிழையற்ற வாக்கியங்கள், ஒழுங்கான பத்திகள் யாவும் அதில் அமைகின்றன. அதனை அறவே விலக்குக என்று யாம் கூறோம். ஐயம் வினவவும், அது கூறியதை நூலோடு ஒப்பிட்டுச் சோதிக்கவும் பயன்கொள்ளலாம். ஆனால் கட்டினை அது தரும், முயற்சியைத் தாராது. வளைந்த தெருவிலிருந்து வந்து நேர்த்தெருவைக் கண்டு வியந்தது அம்மாணவியின் கண். அவ்வியப்பை அவருக்காக வேறெதுவும் வியந்து தர இயலாது. மனப்பாடஞ் செய்த குறிப்பு நூலும் கணிப்பொறி தந்த கட்டுரையும் இவ்வகையில் ஓரினத்தன. இரண்டும் மாணவரைத் தம் எண்ணத்தினின்றும் பிரிக்கின்றன.

திருத்தம்

எழுதி முடித்தவுடன் ஆசிரியரிடம் கொடுத்துவிடுதல் கூடாது. ஓரிரவேனும் கிடக்க விட்டுப் பின்னர்ப் பிறர் எழுத்தைப் படிப்பார்போலப் படித்தல் வேண்டும். மோந்தேன் தம் நூலை 1588-இல் விரித்து வெளியிட்ட பின்னரும், 1592-இல் இறக்குமளவும் அதன் ஓரங்களிலே திருத்தியும் சேர்த்தும் எழுதி வந்தார். பேரறிஞர்க்கு வேண்டியது நமக்கு வேண்டாவோ?

திருத்துதற்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களே போதிய கருவி. அவற்றுட் சிலவற்றை வினாக்களாக மாற்றித் தருகின்றோம். கூறியதையே மீண்டும் கூறியுள்ளோமோ? வேண்டியதற்குக் குறைவாகவோ மிகையாகவோ கூறினோமோ? முன்னர்க் கூறியதற்கு மாறாகப் பின்னர்க் கூறினோமோ? படிப்பவர் மயங்குமாறு ஒரு வாக்கியம் இருபொருள் படுகின்றதோ? எடுத்த பொருளை விட்டு வேறொன்றனை விரித்தோமோ? நகரைக் கீழ்பால் மேல்பாலாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைப் பற்றி அம்மாணவி ஒரு பக்கம் அழகுற எழுதியிருந்தார். வினாவிற்கு அது வேண்டாமையின் வருந்திக்கொண்டே அடித்தார். நல்ல பத்தியைப் பொருந்தாமை கருதி அடிக்கத் துணிந்த நாளே ஒருவர் கட்டுரையாளராகும் நாள். இறுதியாக, முழுவதையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்க. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது என்றும், நாத் தடுமாறும் இடத்திற் சொல் பொருந்தவில்லை என்றும் அறியலாம்.

ஆயிரஞ் சொற்கட்டுரைக்கு ஒரு வாரம் தரப்படுமாயின் நாட்களை இவ்வாறு பகுத்துக்கொள்ளலாம். முதல் நாள் வினாவிற்கு. அடுத்த இரு நாட்கள் நூலிற்கும் குறிப்பிற்கும். நான்காம் நாள் எதிர்வாதத்திற்கும் திட்டத்திற்கும். ஐந்தாம் நாள் ஒரே அமர்வில் எழுதுதற்கு. ஆறாம் நாள் ஓய்விற்கு. ஏழாம் நாள் திருத்தத்திற்கு. எழுதுதற்கு ஒரு நாள்தானோ என்பர். மற்ற ஆறு நாட்களும் செவ்வனே செலவானால் அது போதும்.

முடிவுரை

அம்மாணவி வேறு பாடத்திற்கு மாறவில்லை. அவர்தம் இரண்டாவது கட்டுரையிலும் எழுத்துப் பிழைகள் இருந்தன. ஒற்று மிகுமிடத்தில் மிகாமலும் மிகாவிடத்தில் மிக்கும் கிடந்தன. அவற்றையும் திருத்தினோம், திருத்துதல் எம் கடன். ஆயினும் இம்முறை முதலிற் கருத்தைப் படித்து, அதற்கு விடையாக அவர் தாளின் ஓரத்தில் நான்கு வரி எழுதிய பின்னரே சிவப்பு மையை எடுத்தோம். பல ஆண்டுகளாக அத்தெருக்களில் நடந்து வந்த யாம், ஒரு முதலாண்டு மாணவியின் கட்டுரையைப் படித்த பின்னரே அவற்றை நின்று நோக்கினோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு எம் வேண்டுகோள் இதுவே: கட்டுரைத் தாள் கைக்கு வரும்போது, இதில் மாணவர் தாமாக நினைத்தது எது என்று முதலிற் றேடுக. புதிய மாணவர்க்கும் ஒரு சொல்: 'இது நானாக நினைத்ததுதானே' என்று எதனைத் தள்ளிவிட எண்ணுகின்றீர்களோ, அதனையே முதல் வரியில் எழுதித் தொடங்குங்கள்.